காந்தத்தில் ஒட்டியது எது? சுங்கை சிப்புட்டில் அரைத்த ஒரு ஃபெரைட் தூளின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டக் குடியிருப்பில், பழைய ரப்பர் ஸ்டோரின் தாழ்வாரத்தில், இருபது மணி நேரம் உருண்டு நின்ற ஓர் இரும்புக் குழாயைத் திறந்து தூளைத் தாளில் கொட்டினார்கள். கோயில் ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய வளையக் காந்தத்தைத் தாளுக்கு அடியில் கொண்டுபோனதும் அந்தச் செம்பழுப்புத் தூள் மீசை சிலிர்த்ததுபோல எழுந்து நின்றது. துத்தநாக ஆக்சைடையும் இரும்பு ஆக்சைடையும் சேர்த்து அதை அரைத்த ஆறாம் படிவ மாணவி தம் குறிப்பேட்டில் "துத்தநாக ஃபெரைட் உருவாகிவிட்டது" என்று எழுதி, அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடுகளும் இழுத்துவிட்டார். ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடும் வேறோர் உலோக ஆக்சைடும் வினைபுரிந்து உண்டாகும் சேர்மம். மாணவியின் அந்த ஒரு வரி சரிதானா என்று சோதித்துப் பார்த்ததன் பதிவு இது.

மாணவியின் தந்தை செம்பனை ஆலையில் பல ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரைவைக் குழாய், அதை உருட்டும் இரண்டு உருளைகள், பழைய துணிதுவைக்கும் இயந்திரத்தின் மோட்டார் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியவர் அவரே. நான் அதே தோட்டத்து லயத்தில் வளர்ந்து, முதுகலை ஆய்வுக்காகச் சில ஆண்டுகள் ஃபெரைட் தூள்களோடு காலம் கழித்தவன் என்பதால், மகளின் அறிவியல் திட்டத்துக்கு ஆலோசனை கேட்டு இருவரும் என்னிடம் வந்தார்கள். வரும்போதே தூளையும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் கொண்டுவந்திருந்தார்கள்.

துத்தநாக ஃபெரைட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

முதலில் இந்தத் தேர்வைப் பாராட்ட வேண்டும், ஏனெனில் காந்தத்தைக் கொண்டு ஃபெரைட்டைப் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நன்றாக ஒட்டும் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். துத்தநாக ஃபெரைட் அப்படிப்பட்டதன்று. உலையில் முறையாகச் சுட்டெடுத்த துத்தநாக ஃபெரைட்டை அறை வெப்பநிலையில் ஒலிபெருக்கிக் காந்தம் இழுக்காது.

காரணம் அதன் படிக அமைப்பில் இருக்கிறது. ஃபெரைட்டுகளில் ஒரு பெரும் பிரிவு ஸ்பைனல் என்னும் அமைப்பைக் கொண்டது. அதன் ஓர் அலகுக் கூட்டில் 32 ஆக்சிஜன் அயனிகள் நெருக்கமாக அடுக்கியிருக்க, அவற்றுக்கு இடைப்பட்ட குழிகளில் 8 நான்முகி இடங்களிலும் (நான்கு ஆக்சிஜன் சூழ்ந்தவை) 16 எண்முகி இடங்களிலும் (ஆறு ஆக்சிஜன் சூழ்ந்தவை) உலோக அயனிகள் அமர்ந்திருக்கும். ஓர் அயனி குட்டிக் காந்தம்போல நடந்துகொள்ளும் திறனே அதன் காந்தத் திருப்புத்திறன். நான்முகி இடத்து அயனிகளின் காந்தத் திருப்புத்திறன் ஒரு பக்கம் நோக்க, எண்முகி இடத்து அயனிகளுடையது அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நோக்கும். இரண்டும் சமமாக இல்லாததால் கழிந்தது போக மிஞ்சுவதே அப்பொருளின் காந்தத்தன்மை. 1948இல் இந்த விளக்கத்தை முன்வைத்த பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நேல், காந்தவியல் பணிகளுக்காக 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

நிக்கல் ஃபெரைட்டில் இரும்பு அயனிகள் இரண்டு வகை இடங்களிலும் பாதிப் பாதியாகப் பிரிந்து ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, எண்முகி இடத்திலிருக்கும் நிக்கலின் பங்கு மட்டும் மிஞ்சுகிறது. அதனால் நானோ துகளாக அல்லாமல் பருமப் பொருளாக இருக்கும்போது அதன் தெவிட்டுநிலைக் காந்தமாக்கம், அதாவது புலத்தை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாத காந்த அளவு, அறை வெப்பநிலையில் கிராமுக்கு ஏறத்தாழ 50 எமு (எமு என்பது காந்தத் திருப்புத்திறனின் ஓர் அலகு). துத்தநாகத்தின் கதை வேறு. அதன் அயனிக்குச் சொந்தத் திருப்புத்திறன் கிடையாது. அது நான்முகி இடத்தையே விரும்பிப் பிடித்துக்கொள்ளும். இரும்பு முழுவதும் எண்முகி இடங்களுக்குத் தள்ளப்படுகிறது, எதிர்த்தரப்பில் யாருமில்லை. எண்முகி இரும்புகள் தமக்குள் வலுவற்ற எதிர் ஃபெரோகாந்த (ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் நோக்கும்) உறவு மட்டுமே கொண்டிருப்பதால், ஏறத்தாழ 10 கெல்வின் வரை குளிர்வித்தால்தான் அவை ஒழுங்குக்கு வரும். அறை வெப்பநிலையில் அது காந்தத்துக்கு மிகச் சிறிதே இணங்கும் வெறும் பாராகாந்தப் பொருள்.

ஆனால் மாணவி படித்திருந்தது இதற்கு அடுத்த பக்கத்தை. துத்தநாக ஃபெரைட்டைக் கடுமையாக அரைத்து நானோ துகளாக்கினால் இந்த ஒழுங்கு குலைகிறது: துத்தநாகத்தின் ஒரு பகுதி எண்முகி இடங்களுக்குள் திணிக்கப்பட, அதற்கு ஈடான இரும்பு நான்முகி இடங்களுக்கு வந்துவிடும். இரண்டு தரப்பிலும் இரும்பு வந்த கணமே ஆக்சிஜன் வழியாக அவற்றுக்கிடையே வலுவான இடைவினை பிறந்து, அறை வெப்பநிலையிலேயே பொருள் காந்தத்துக்கு இணங்கும். இது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. ஆகவே "ஒட்டியது, எனவே உருவானது" என்று அவர் எழுதியது அறியாமையால் அன்று, படித்ததை நம்பியதால்தான்.

அரைவைக் குழாய்

இயந்திரவழிக் கலப்பாக்கம் என்னும் முறை 1960களின் பிற்பகுதியில் ஜான் பெஞ்சமின் என்பவரால் அமெரிக்காவில் ஒரு நிக்கல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது; நிக்கல் மீக்கலவைகளுக்குள் நுண்ணிய ஆக்சைடுத் துகள்களைச் சீராகப் பரப்புவதே அப்போதைய நோக்கம். எஃகுக் குண்டுகளுக்கிடையே சிக்கும் தூள் நசுங்கி, உடைந்து, ஒட்டி, மறுபடியும் உடைகிறது. உலோகங்களில் ஒட்டுதல் மேலோங்கும். ஆக்சைடுகளில் உடைதல் மேலோங்கும். புதிய பரப்புகளும் படிகக் குறைகளும் பெருகி, உலையில் பல நூறு பாகையில் நடக்க வேண்டிய வினை அறை வெப்பநிலையிலேயே தொடங்கிவிடும்.

அவர்கள் எடுத்த அளவுகள் சரியானவை. ஒரு மோல் துத்தநாக ஆக்சைடுக்கு 81.38 கிராம், ஒரு மோல் ஹேமடைட்டுக்கு (சிவப்பு இரும்பு ஆக்சைடு) 159.69 கிராம் என்ற கணக்கில், 10 கிராம் கலவைக்கு 3.38 கிராம் துத்தநாக ஆக்சைடும் 6.62 கிராம் ஹேமடைட்டும் எடுத்திருந்தார்கள். குண்டுக்கும் தூளுக்கும் 10க்கு 1 என்ற எடை விகிதம் வர, ஆலையில் கழித்துப்போட்ட பேரிங்குகளை உடைத்து எடுத்த 10 மில்லிமீட்டர் குண்டுகள் 25 போட்டிருந்தார்கள். அவற்றின் எடை ஏறத்தாழ 102 கிராம். குழாயின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர். இத்தகைய குழாயில் குண்டுகள் சுவரோடு ஒட்டிச் சுற்றத் தொடங்கும் எல்லை வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 141 சுற்று; அதில் எழுபது விழுக்காட்டை ஒட்டி, நிமிடத்துக்கு 100 சுற்றில் ஓட்டினார்கள். தந்தைக்கு இந்தக் கணக்கு தெரியாது. சத்தத்தைக் கேட்டே வேகத்தை அங்கே நிறுத்தினாராம். நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் காது சரியாகவே சொல்லியிருந்தது.

ஐயம் எனக்கு இங்கேதான் தோன்றியது. 4 கிராம் எடையுள்ள ஒரு குண்டு 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் 4 மில்லிஜூல், வேகம் நொடிக்கு 1.4 மீட்டர். அதுவும் முழு உயரத்திலிருந்து விழுந்தால்தான். உருளை அரைவையில் குழாயின் கொள்ளளவில் கணிசமான பகுதியைக் குண்டுகள் நிரப்பினால்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி அருவிபோலக் கொட்டும். இருபத்தைந்து குண்டுகள் அவ்வளவு பெரிய குழாயில் அடியில் ஒரு வரிசையாகக் கிடந்து, சற்று ஏறிச் சறுக்கி, மறுபடியும் ஏறிச் சறுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். மோதல் குறைவு, உராய்வு மிகுதி. ஆக்சைடுகளை வினைபுரிய வைக்க மோதல் வேண்டும். எஃகைத் தேய்க்க உராய்வே போதும். அதிலும் ஹேமடைட் என்பது நகைப் பட்டறைகளில் மெருகேற்றப் பயன்படும் சிவப்புத் தூளேதான். இருபது மணி நேரம் மெருகுத் தூளைப் போட்டு எஃகைத் தேய்த்துவிட்டு, எஃகு குறையவில்லை என்று சொல்ல முடியாது.

அம்மி கொத்திய அன்று அரைத்த சட்டினி பல்லில் நறநறக்கும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கொத்திய அம்மியில் முதலில் கொஞ்சம் அரிசியையோ தவிட்டையோ அரைத்துக் கொட்டிவிடுவார்கள். ஆய்வகத்துக்குள் போனதும் இந்த எளிய அறிவு எப்படியோ கழன்றுவிடுகிறது. எனக்கும் கழன்றிருந்தது. முதுகலை ஆய்வில் நான் அரைத்த முதல் நிக்கல் ஃபெரைட் மாதிரி, பருமப் பொருளின் 50 எமுவைத் தாண்டிக் காட்டியபோது மகிழ்ந்து போய் மேற்பார்வையாளரிடம் ஓடினேன். நானோ துகளின் மேற்பரப்பில் காந்தத் திருப்புத்திறன்கள் ஒழுங்கு தவறிச் சாய்ந்து நிற்பதால் காந்தமாக்கம் பருமப் பொருளைவிடக் குறையத்தான் வேண்டும். இரும்பு ஆக்சைடு நானோ துகள்களில் இதை மைக்கேல் கோயி 1971இலேயே காட்டியிருக்கிறார். கூடியது என்றால் எங்கோ தவறு. அவர் தாளைப் பார்க்கவேயில்லை. "குண்டை எடை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் எடை போட்டிருக்கவில்லை.

எடைக் கணக்கு

இந்த மாணவி எடை போட்டிருந்தார். விகிதம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளி ஆய்வகத் தராசில் குண்டுகளை நிறுத்து 102.14 கிராம் என்று குறித்துவைத்திருந்தார். குண்டுகளைக் கழுவி, உலர்த்தி, அதே தராசில் மறுபடியும் வைத்தபோது 102.06 வந்தது. 0.08 கிராம் குறைந்திருந்தது. குழாயின் எடை கிலோகிராம் கணக்கில் இருந்ததால் அதில் எவ்வளவு தேய்ந்தது என்று அந்தத் தராசில் அறிய வழியில்லை. குழாய் மென் எஃகு, குண்டுகள் கடினப்படுத்திய எஃகு என்பதால் குழாயே கூடுதலாகத் தேய்ந்திருக்கும். ஆகவே 0.08 என்பதைக் கீழ் எல்லையாகவே கொள்ள வேண்டும்.

பத்துக் கிராமில் 0.08 கிராம் என்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய கலப்படம் என்ன செய்துவிடும் என்றுதான் மாணவி கேட்டார். காந்த அளவீட்டில் அது நிறையவே செய்யும். இரும்பின் தெவிட்டுநிலைக் காந்தமாக்கம் கிராமுக்கு 218 எமு. ஹேமடைட்டுடையது அரை எமுகூட இல்லை. தேய்ந்த இரும்பு உலோகமாகவே தூளில் கிடந்தால், மொத்தத் தூளுக்கும் கிராமுக்கு 1.7 எமு சேரும். அரைக்காத கலவையில் ஹேமடைட் தரும் பங்கைப்போல இது பல மடங்கு.

இதைவிடப் பொல்லாத வழி ஒன்றும் உண்டு. அரைவையின்போது உலோக இரும்பு ஹேமடைட்டோடு வினைபுரிந்து மேக்னடைட்டாக (நன்றாகக் காந்தத்தில் ஒட்டும் மற்றோர் இரும்பு ஆக்சைடு) மாறக்கூடும்: ஓர் இரும்பு அணு நான்கு ஹேமடைட் அலகுகளை இழுத்துக்கொண்டு மூன்று மேக்னடைட் அலகுகளைத் தருகிறது. எடைக் கணக்கில் 1 கிராம் இரும்பு 12.4 கிராம் மேக்னடைட் ஆகும். மேக்னடைட்டின் காந்தமாக்கம் கிராமுக்கு 92 எமுதான், இரும்பின் பாதிகூட இல்லை. ஆனால் அளவு பன்னிரண்டு மடங்குக்கு மேல். எனவே அதே 0.08 கிராம் முழுவதும் வினைபுரிந்தால் தூளின் காந்தமாக்கம் கிராமுக்கு 9 எமு வரை போகலாம். உலோகமாக ஒளிந்திருக்கும் இரும்பைவிட, வினைபுரிந்து காணாமல் போன இரும்பு ஐந்து மடங்கு பொய் சொல்கிறது. படிகங்களை அடையாளம் காட்டும் எக்ஸ் கதிர்ப் பதிவில் உலோக இரும்புக்குரிய முகடு இல்லை என்பதைக் காட்டி, கலப்படமே இல்லை என்று முடிவுகட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த தந்தை சொன்னார்: "எங்க ஆலையில பருப்பு போற பாதையில காந்தம் வெச்சிருக்கோம் தம்பி. வாரம் ஒருக்கா துடைச்சா போல்ட்டு, நட்டு, தேஞ்ச தகடு எல்லாம் வரும். அது பழத்தோட வந்த இரும்பு இல்ல. ஆலையோட இரும்பு." என் கணக்கு முழுவதையும் அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார்.

ஊறுகாய் சாடி

கணக்கு ஒரு சாத்தியத்தைக் காட்டும். அது நடந்ததா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். அரைக்காத மூலத் தூள்களைக் காந்தம் இழுக்கவில்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டோம். கடையில் வாங்கும் சிவப்பு ஆக்சைடில் வேறு இரும்பு ஆக்சைடுகள் கலந்திருப்பது உண்டு என்பதால் இதைத் தாண்டிப் போயிருக்க முடியாது.

பிறகு செலவில்லாத இரண்டு சோதனைகள். முதலாவதில், வெறும் துத்தநாக ஆக்சைடை மட்டும் அதே குழாயில், அதே குண்டுகளோடு, அதே இருபது மணி நேரம் உருட்டினோம். ஹேமடைட் இல்லை, எனவே ஃபெரைட் உருவாக வாய்ப்பே இல்லை. பால் வெள்ளையாக உள்ளே போன தூள் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது, அதன் ஒரு பகுதி காந்தத்தில் ஒட்டியது. எஃகு தேய்ந்து தூளில் கலக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. சிவப்புத் தூளில் அந்தச் சாம்பல் நிறம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவதில், மாணவியின் பாட்டி வைத்திருந்த பீங்கான் ஊறுகாய் சாடியில், கண்ணாடிக் கோலிக்குண்டுகளோடு, முழுக் கலவையையும் உருட்டினோம். காந்தம் அந்தத் தூளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதில் ஒரு நேர்மையான மறுப்புக்கு இடமுண்டு: கண்ணாடியின் அடர்த்தி எஃகின் மூன்றில் ஒரு பங்குதான், எனவே மோதல் ஆற்றலும் அவ்வளவு குறைவு, ஃபெரைட் உருவாகாததால்தான் ஒட்டவில்லை என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் முதல் சோதனையோடு சேர்த்துப் படித்தால் அந்த மறுப்பு நிற்காது.

எக்ஸ் கதிர்ப் பதிவு

தூளை என் பழைய ஆய்வகத்துக்கு அனுப்பி எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் பதிவு எடுத்தோம். படிகத்தில் பட்டுச் சிதறும் கதிர் எந்தக் கோணங்களில் வலுக்கிறதோ அங்கெல்லாம் இந்தப் பதிவில் ஒரு முகடு எழும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபெரைட் தூள்களைப் புதிதாகக் கையாளும் பலரும் அதில் கால்வைப்பார்கள். செம்புக் கதிரில் ஸ்பைனலின் மிக வலுவான முகடு 35.2 முதல் 35.5 பாகைக்குள் விழும். ஹேமடைட்டுக்கும் 35.6 பாகையில் ஒரு வலுவான முகடு உண்டு. அரைத்த தூளில் முகடுகள் அகன்றுவிடுவதால் இரண்டையும் பிரித்துக் காண முடியாது. எனவே அங்கே ஒரு முகட்டைக் கண்டு ஸ்பைனல் வந்துவிட்டது என்று மகிழக் கூடாது. பார்க்க வேண்டிய இடம் 30 பாகை. ஹேமடைட்டுக்கும் துத்தநாக ஆக்சைடுக்கும் அங்கே எதுவும் இல்லை. ஸ்பைனலுக்கு மட்டும் ஒரு முகடு உண்டு.

உருளையில் அரைத்த தூளின் பதிவில் 30 பாகை வெறிச்சென்று கிடந்தது. ஹேமடைட்டின் முகடுகளும் துத்தநாக ஆக்சைடின் முகடுகளும் சற்று அகன்று, ஆனால் தத்தம் இடத்தில் அப்படியே இருந்தன. 44.7 பாகையில் இரும்பின் முகடும் தென்படவில்லை. ஓரிரு விழுக்காட்டுக்குக் கீழே உள்ள கலப்படத்தை இந்தப் பதிவு சாதாரணமாகக் காட்டாது. கோயில் ஒலிபெருக்கிக் காந்தம் பல இலட்சம் ரிங்கிட் கருவியைவிடக் கூர்மையாக வேலை செய்திருக்கிறது. ஆனால் எதைக் கண்டுபிடித்தது என்பதைத்தான் அதனால் சொல்ல முடியவில்லை. அந்த வளையக் காந்தமும் ஒரு ஃபெரைட்தான் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. ஆனால் அது ஸ்பைனல் அன்று, 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவான அறுகோணக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அடுத்து அதே தூளை 800 பாகை செல்சியஸில் நான்கு மணி நேரம் காற்றில் சுட்டோம். இப்போது 30 பாகையில் கூர்மையான முகடு எழுந்தது. துத்தநாக ஆக்சைடின் முகடுகள் மறைந்தன. சந்தேகத்துக்கு இடமில்லாத துத்தநாக ஃபெரைட். காந்தத்தை அடியில் வைத்தால் தூள் அசையவில்லை. துத்தநாகம் தனக்குரிய நான்முகி இடத்திலும் இரும்பு எண்முகி இடத்திலும் அமர்ந்துவிட்டன. குண்டிலிருந்து வந்த இரும்பும் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து வலுவற்ற ஹேமடைட்டாகிவிட்டது. ஃபெரைட்டாக இல்லாதபோது ஒட்டியது, ஃபெரைட் ஆனதும் ஒட்ட மறுத்தது. மாணவி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ என் திட்டம் தோத்துப்போச்சா சார்?" என்று கேட்டார். திட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

வலிய அரைவை, அதே கேள்வி

உருளை அரைவையில் வினை நடக்கவில்லை என்பது தெளிவானதும், வினை நிச்சயமாக நடக்கும் இடத்துக்குப் போனோம். கோள் அரைவை இயந்திரத்தில் குடுவைகள் தம்மைத்தாமே ஒரு திசையிலும், தாங்கும் தட்டு எதிர்த்திசையிலும் சுழல்வதால் குண்டுகள் சுவரிலிருந்து பிய்ந்து எதிர்ச்சுவரில் மோதும். எஃகுக் குடுவை, எஃகுக் குண்டுகள், அதே விகிதம், இடைவெளி விட்டு விட்டு மொத்தம் இருபது மணி நேரம். தூள் செம்பழுப்பிலிருந்து ஏறக்குறையக் கறுப்புக்கு மாறியது. 30 பாகையில் அகன்ற ஒரு மேடு எழுந்திருந்தது. அதிரும் மாதிரிக் காந்தமானியில் காந்தமாக்கம் கிராமுக்கு 15 எமுவை ஒட்டி வந்தது.

மகிழ்வதற்கு முன் எடை. குண்டுகளும் குடுவையும் சேர்ந்து 0.2 கிராம் இழந்திருந்தன. முன்பு போட்ட கணக்கையே போட்டால், இந்த இரும்பு உலோகமாக இருந்தால் கிராமுக்கு 4.3 எமு, முழுவதும் மேக்னடைட்டாகியிருந்தால் 22 எமு. அளந்த மதிப்பு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அதாவது, துத்தநாகம் ஓர் இடம்கூட மாறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், குண்டின் இரும்பு ஒன்றே இந்த அளவீட்டை முழுமையாக விளக்கிவிடும். விளக்கிவிடும் என்பதால் அதுதான் நடந்தது என்று ஆகாது. ஆனால் அயனி இடமாற்றத்துக்கு இந்த எண்ணைச் சான்றாகக் காட்டும் உரிமை நமக்கு இல்லை.

பதிவில் பிரித்துப் பார்க்கலாமே என்றால் அதுவும் கைகொடுக்காது. துத்தநாக ஃபெரைட்டின் அலகுக்கூட்டு நீளம் 0.844 நானோமீட்டர், மேக்னடைட்டினுடையது 0.840. முக்கிய முகடுகளுக்கு இடையே வரும் வேறுபாடு 0.2 பாகை. படிக அளவையும் முகட்டின் அகலத்தையும் இணைக்கும் ஷெரர் சமன்பாட்டின்படி 10 நானோமீட்டர் படிகம் ஒன்றே தன் முகட்டை 0.8 பாகைக்கு அகற்றிவிடும். அரைவையால் படிகத்தில் ஏறிய திரிபு அதை இன்னும் அகற்றும். 0.8 பாகை அகலமுள்ள இரண்டு மேடுகள் 0.2 பாகை தள்ளி நின்றால் கண்ணுக்கு அது ஒரே மேடுதான். இதற்கும் மேல், இந்த இரண்டு ஸ்பைனல்களும் எந்த விகிதத்திலும் ஒன்றில் ஒன்று கரையக்கூடியவை. ஆகவே குண்டிலிருந்து வந்த இரும்பு தனி மேக்னடைட்டாக நிற்காமல் துத்தநாக ஃபெரைட்டுக்குள்ளேயே புகுந்து ஒரு கலவை ஸ்பைனலாகிவிட்டிருக்கலாம். அப்போது "எது ஃபெரைட், எது கலப்படம்" என்ற கேள்விக்கே பொருள் மங்கிவிடுகிறது.

சுட்டுப் பார்த்தால் தெரியாதா என்பது இயல்பான அடுத்த யோசனை. தெரியாது. காற்றில் உயர் வெப்பநிலைக்குக் கொண்டுபோனால் இடம்மாறிய அயனிகளும் திரும்பிவிடும், இரும்பும் மேக்னடைட்டும் ஹேமடைட்டாகிவிடும். இரண்டு சந்தேக நபர்களும் ஒரே நெருப்பில் எரிந்துவிடுகிறார்கள். காந்தமாக்கத்தை வெப்பநிலைக்கு எதிராக அளந்தால் ஓரளவு பயன் உண்டு: மேக்னடைட் 580 பாகை செல்சியஸிலும் இரும்பு 770 பாகையிலும் காந்தத்தன்மையை இழக்கும் என்பதால், 600 பாகைக்கு மேலும் மிஞ்சி நிற்பது உலோக இரும்பு என்று சொல்லலாம். ஆனால் கலவை ஸ்பைனல் காந்தத்தன்மையை இழக்கும் கியூரி வெப்பநிலை துத்தநாகத்தின் அளவுக்கேற்ப நகர்ந்துகொண்டே போகும். சூடாக்கும்போதே மாதிரியும் மாறும். இரும்பின் அணுக்கருக்களைக் காமாக் கதிரால் ஆராயும் மோஸ்பவர் நிறமாலை இவற்றைவிடத் தெளிவாகப் பிரிக்கும். உலோக இரும்பு 33 டெஸ்லா உட்புலத்தோடு ஆறுகோட்டு வடிவமாகவும், ஒழுங்கான துத்தநாக ஃபெரைட் அறை வெப்பநிலையில் இருகோட்டு வடிவமாகவும் தெரியும். அந்தக் கருவி எங்களுக்குக் கிட்டவில்லை.

மிஞ்சியது நேரான வழி: இரும்பே இல்லாத அரைவை. சிர்க்கோனியா என்னும் கடினப் பீங்கானால் ஆன குடுவையும் குண்டுகளும் கொண்டு அதே கலவையை அதே நேரம் அரைத்தோம். சிர்க்கோனியாவும் தேயும், ஆனால் அது காந்தத்துக்கு ஊமை, அளவீட்டைச் சற்று நீர்க்கச் செய்யுமே தவிரப் பொய் சொல்லாது. இம்முறையும் 30 பாகையில் மேடு எழுந்தது. காந்தமாக்கம் எஃகுக் குடுவையில் கிடைத்ததைவிட மிகவும் குறைந்தது, ஆனால் அற்றுப்போகவில்லை. தயக்கக் கண்ணி, அதாவது புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் வளைவு, ஏறத்தாழத் தொடக்கப் புள்ளி வழியாகவே சென்றது. கருவி தந்த மிக உயர்ந்த புலத்திலும் வளைவு தட்டையாகாமல் ஏறிக்கொண்டேயிருந்தது. சாய்ந்து நிற்கும் திருப்புத்திறன்களும், வெப்ப அலைவில் திசை நிலைக்காத மிகச் சிறு துகள்களும் உள்ள தூளில் இப்படித்தான் வரும். மேக்னடைட்டின் திசைமாறு ஆற்றல் அடர்த்தியை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ 25 நானோமீட்டருக்குக் கீழே உள்ள தனித் துகள் அறை வெப்பநிலையில் தன் காந்தத் திசையை ஓர் அளவீட்டு நேரத்துக்குக்கூடப் பிடித்துவைத்திருக்காது.

சிர்க்கோனியாவில் மிஞ்சிய அந்தச் சிறிய காந்தமாக்கத்தை அயனி இடமாற்றத்துக்கு வரவு வைப்பதில் எனக்குத் தயக்கம் குறைவு. எஃகில் கிடைத்த பெரிய எண்ணில் எவ்வளவு அதைச் சேர்ந்தது என்றால், என் மதிப்பீட்டில் சிறுபகுதியே. சிர்க்கோனியாக் குண்டின் அடர்த்தி எஃகினுடையதைவிடக் குறைவு என்பதால் மோதலும் சற்றுக் குறைந்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றை நேராகக் கழித்துச் சொல்வதை அதனால் தவிர்க்கிறேன்.

எஃகுக் குடுவையே கூடாது என்பது இதன் பொருளன்று. நிக்கல்-துத்தநாக ஃபெரைட்டைப் பொறுத்தவரை, துத்தநாகம் சேரச் சேரக் காந்தமாக்கம் ஏறி, ஏறத்தாழப் பாதி அளவைத் தொட்டபின் இறங்கும். அங்கே அளக்கும் எண்களே பெரியவை என்பதால், கலப்படத்தைத் தொடக்க எடையிலேயே கணக்கிட்டு ஹேமடைட்டைக் குறைத்துப் போடுகிறவர்கள் உண்டு. செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் எஃகு ஆலைகளின் செதில் கழிவையே இரும்பு ஆக்சைடு மூலமாகக் கொண்டு ஃபெரைட் செய்யும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இரும்பைக் கண்டு அஞ்சத் தேவையில்லை, கணக்கில் சேர்த்தால் போதும். துத்தநாக ஃபெரைட்டில் மட்டும், அளக்க நினைப்பதே பூச்சியத்திலிருந்து எழும் ஒரு சிறு எண் என்பதால், 0.08 கிராமும் தலையைத் தூக்கிவிடுகிறது.

குறிப்பேட்டில் இரண்டு கோடு போட்ட வரியை மாணவி அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் தேதி போட்டு, "காந்தம் இழுத்தது, 30 பாகையில் முகடு இல்லை, குண்டில் 0.08 கிராம் குறைவு" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். திட்டத்தின் தலைப்பு இப்போது எஃகுத் தேய்மானத்தைக் காந்தத்தால் அளப்பது பற்றியது. தந்தை ஆலையின் காந்தத்தில் ஒட்டிய தூளில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பாட்டி ஊறுகாய் சாடியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். சிவப்புக் கறை இன்னும் போகவில்லை.